கல்யாண ரவிக்கைக்குள் ஒரு மோட்டார் மெக்கானிக்

வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். அதை அவர் தன் மனைவியிடம் சொன்னார், என் தையல் கடையில், என் கண் முன்னால். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கால்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தேன்.

அவர் பேரை எழுத மாட்டேன். திருப்பதியில் பாதி வீட்டுத் தண்ணீர் மோட்டார் அவர் கை பட்டது. பேரைச் சொன்னால் எல்லாரும் கதையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், பாவம். நான் அப்போது திருப்பதியில் ஒரு சந்துக்குள் பெண்களுக்கான தையல் கடை வைத்திருந்தேன். எனக்கும் சொந்த ஊர் நகரி, அவருக்கும் நகரி. அதனால் முதல் நாளே நான் தங்கச்சி ஆகிவிட்டேன், அவர் அண்ணா ஆகிவிட்டார். அவர் மனைவி அண்ணி.

ஆள் நல்ல பருமன். வாசலில் நின்றால் கடைக்குள் வெளிச்சம் குறையும். காரணம் வேறொன்றுமில்லை, யார் எதை நீட்டினாலும் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். மோட்டார் பார்க்கப் போகும் வீடுகளில் நம் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் சும்மா அனுப்புவார்களா? ஒரு வீட்டில் உப்புமா, அடுத்த வீட்டில் காபி, மூன்றாவது வீட்டில் மலையிலிருந்து வந்த லட்டு. நான்கே மோட்டார் பார்த்துவிட்டு ஆறு முறை சாப்பிட்டு வந்த நாளெல்லாம் உண்டு. ஒருமுறை நானே அவசரத்தில் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். முழு கிளாஸையும் குடித்து முடித்து, "சூடு நல்லா கீதும்மா" என்றார். அடுத்து நான் என் கிளாஸை வாயில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வாயில வச்சதும் துப்பித் தொலைக்க வேண்டியதுதானே அண்ணா!"

"நீட்டின கைய மடக்கச் சொல்லலாமாம்மா?"

இதுதான் அவர் பேச்சு. எதற்கும் இதுதான். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு ஒரு விஷயம் சொன்னார். வேலைக்கு வந்த புதிதில் ஏர்பேடு பக்கம் ஒரு வீட்டில் மோட்டார் பார்த்திருக்கிறார். அந்த வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். வயிறு சரியில்லாததால் இவர் வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுல வாங்கிக் குடிக்க மாட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டிருக்கிறாள். இவருக்குச் சட்டென்று புரிந்து, செம்பை எடுத்து மடமடவென்று குடித்திருக்கிறார். ஆனாலும் அவள் முகம் பழையபடி திரும்பவில்லையாம். அன்றோடு வேண்டாம் என்ற சொல்லை விட்டுவிட்டார். இதைக் கேட்ட பிறகு அவர் தின்பதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் வந்துவிட்டது.

ஒரு ஜனவரி மாதம், பொங்கல் கழிந்த வாரம், கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். பின்னாலேயே அண்ணியும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு மெரூன் பட்டு ரவிக்கையை எடுத்து என் மேஜைமேல் விரித்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள என்னை நுழைக்கணும்."

"இதுக்குள்ள உங்க ஒரு கை நுழையும். மத்ததெல்லாம் வெளியில நிக்கும்."

அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு முந்தைய வருஷத்துக்கும் முந்தைய வருஷம் அண்ணி காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். டாக்டர்கள் கையை விரிக்கும் நிலை. இவர் வராண்டாவில் நின்று கங்கம்மாவை வேண்டிக்கொண்டிருக்கிறார். திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் வேண்டுதலுக்குச் சேலை கட்டி, பூ வைத்து, பெண் வேஷம் போட்டுக் கோயிலுக்குப் போவார்கள். ஊரே போடும். இவரும் சும்மா, 'பொம்பள வேஷம் போடறேன் தாயே' என்று வேண்டியிருக்கலாம். 'இவ எழுந்து வூட்டுக்கு வந்தா, இவ கல்யாண ரவிக்கையவே போட்டுக்கினு உன் வாசலுக்கு வரேன்' என்று வேண்டிவிட்டார்.

"கொஞ்சம் யோசிச்சு வேண்டியிருக்கக் கூடாதாண்ணா?"

"ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கினு எவம்மா அளவு பாப்பான்?"

அண்ணி எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். முந்தின வருஷ ஜாத்திரையில் ரவிக்கை கையில்கூட ஏறவில்லை. அதைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறார். அடுத்த மாதமே அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணச் சளிக்காய்ச்சல்தான், மூன்றே நாளில் விட்டுவிட்டது. ஆனால் அவள் மனதிலிருந்து விடவில்லை. தலை வலித்தாலும் கங்கம்மா ஞாபகப்படுத்துகிறாள் என்று நடுங்கினாள். இந்த மே மாத ஜாத்திரைக்கு ரவிக்கை ஏறியே ஆக வேண்டும்.

"புதுசா ஒண்ணு பெருசா தெச்சிக் குடுக்கறேன். கங்கம்மா டேப் எடுத்துக்கினு வந்தா பாக்கப் போறா?"

"அவ பாக்க மாட்டா. எனக்குத் தெரியும்ல?"

டேப்பை எடுத்தேன். மார்புச் சுற்றளவு நாற்பத்து மூன்று. ரவிக்கை முப்பத்தாறு. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தைத்த புண்ணியவான் பக்கவாட்டிலும் கைகளிலும் தாராளமாகத் துணி மடித்து விட்டிருந்தான். அதையெல்லாம் பிரித்தால் முப்பத்தொன்பது வரும். "மூணு இஞ்சு நான் தரேன். நாலு இஞ்சு நீங்க குடுக்கணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ வீடு கிரயம் முடித்த மாதிரி.

மறுநாள் காலையிலேயே போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதில் தெலுங்கில் ஒருவர் உண்ணா நேரம், உண்ணும் நேரம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். "பதினாறு மணி நேரம் வாயைக் கட்டணும். எட்டு மணி நேரத்துக்குள்ள துன்னணும். அவ்ளோதாம்மா! ஓடறது இல்ல, தூக்கறது இல்ல, கஷாயம் இல்ல! ராத்திரி எட்டுக்கு முடிச்சா மறுநாள் பன்னெண்டுக்கு! நம்ப ஆளுங்க காலங்காலமா சனிக்கெழம ஒருபொழுது இருக்கறவங்கதானே, நமக்கு இது ஜுஜுபி!" பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா, எதிர்வாசலில் பூக்கட்டும் அக்கா, எனக்கு லைனிங் துணி கொண்டுவந்தவர் என்று சந்தில் ஒருவரையும் விடவில்லை, எல்லாருக்கும் அறிவித்தார். அவர் குதித்ததைப் பார்த்து நானும் குதித்துவிட்டேன். சுவரில் தையல் சாக்பீஸால் நாற்பத்து மூன்று என்று பெரிதாக எழுதினேன்.

முதலில் டாக்டரிடம் காட்டாமல் ஆரம்பித்தால் ரவிக்கையைத் தொட மாட்டேன் என்று மட்டும் கறாராகச் சொன்னேன். போனார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, பட்டினி இருக்கலாம், தண்ணீர் நிறையக் குடி, தலை சுற்றினால் உடனே சாப்பிட்டுவிட்டு என்னிடம் வா என்றிருக்கிறார். அண்ணியும் கூடவே பட்டினி கிடக்கிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிற உடம்பு, நீங்கள் பட்டினிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் அவளைத் திட்டி அனுப்பிவிட்டாராம்.

பதினைந்து நாள் கழித்து டேப் வைத்தேன். நாற்பத்து மூன்றரை.

நான் டேப்பைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஆளைச் சந்தேகப்பட்டேன்.

"அண்ணா, கங்கம்மா மேல சத்தியமா சொல்லுங்க. பன்னெண்டுக்கு முன்னாடி துன்னீங்களா?"

"ஒரு பருக்கை சோறு தொட்டிருந்தா கேளு!"

"சோறு தொடல. இன்னிக்குக் காலையில?"

"மைசூர் போண்டா நாலு. அது டிபன்தானேம்மா."

"நேத்து?"

"வாழைப்பழம் ரெண்டு, பால் ஒரு டம்ளர். அது நோம்புக்கு ஒத்துக்கும்."

"லட்டு?"

"ஐயே, பிரசாதத்தப் போயி கணக்குல சேக்கறியே!"

எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். ஆனால் அவர்மேல் மட்டும் எப்படிப் பழி போடுவது? எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை விரதம் என்றால் சோறு கிடையாது, அவ்வளவுதான். சோற்றுக்குப் பதில் இரண்டு தட்டு உப்புமா, மேலே ஒரு வாழைப்பழம், கேட்டால் பட்டினி. சோறு தின்றால்தான் தின்றது என்று பழகிய வாய். அந்த மனுஷர் பதினைந்து நாளும் மனசாரப் பட்டினி கிடந்ததாகத்தான் நினைத்திருந்தார். விளக்கிச் சொன்னதும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப தண்ணி மட்டுமா?"

"தண்ணி மட்டும்."

"யாராச்சும் குடுத்தா?"

பிரச்சினை அங்கேதான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் அவரை யாரிடமும் வேண்டாம் சொல்ல வைக்க முடியாது என்று தெரிந்தது. உள்ளே போய் என் மூன்றடுக்கு டிபன் கேரியரை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன். "குடுத்தா வாங்கிக்குங்க. வாயில போடாதீங்க, இதுல போடுங்க. பன்னெண்டு மணிக்குத் தொறங்க."

அவர் கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! மறுநாளிலிருந்து வண்டி ஹாண்டிலில் அது தொங்கியது. எந்த வீட்டில் எது நீட்டினாலும் மூடியைத் திறந்து காட்டுவார். "இதுல போடுங்கம்மா, மத்தியானம் உங்கள நெனச்சிக்கினு துன்றேன்." இப்படிக் கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? முன்பு கொடுத்ததைவிட இரண்டு மடங்கு கொடுத்தார்கள். பன்னிரண்டு அடித்தால் கேரியர் நேராக என் கடைக்கு வரும். புளியோதரை, பெசரட்டு, பூரணம் வைத்த போளி. அத்தனையும் ஒருவர் தின்றால் பதினாறு மணி நேரப் பட்டினி பதினாறு நிமிஷத்தில் பாழ். அதனால் ஜெராக்ஸ் கடைக்காரம்மாவும் பூக்கட்டும் அக்காவும் நானும் சுற்றி உட்கார்ந்து பங்கு போட்டோம். அண்ணி கொடுத்தனுப்பும் கேழ்வரகுக் களியும் கீரையும் அவருக்கு, போளி எங்களுக்கு. இரண்டு மாதத்தில் என் ரவிக்கைகளை எல்லாம் நானே பிரித்துப் பெரிதாக்க வேண்டி வந்தது. அண்ணன் இறக்கிவைத்த இஞ்சையெல்லாம் தங்கச்சி தூக்கிக்கொண்டேன்.

நிஜப் பட்டினியின் முதல் வாரம் அவருக்குத் தலைவலி. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அந்த வாரம் ஒரு மோட்டாரைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டியதாகக் கேள்வி. பதினோரு மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்று கடிகாரத்தையே பார்ப்பார். நான் சீரகத் தண்ணீர் கொடுப்பேன். இரண்டாவது வாரம் தலைவலி போயிற்று. மூன்றாவது வாரம் வாசலில் வண்டி நிற்கும் சத்தத்திலேயே துள்ளல் தெரிந்தது. "தங்கச்சி, கெணத்துலேர்ந்து மோட்டாரை ஒரே மூச்சுல தூக்கிட்டேன்! எளைப்பே இல்ல!" சுவரில் நாற்பத்து மூன்றை அடித்து நாற்பத்து இரண்டரை எழுதினேன். பூக்கட்டும் அக்கா ஒரு முழம் மல்லியைச் சுவருக்கே சாத்தினாள். மார்ச் கடைசியில் நாற்பத்தொன்றுக்கு வந்தபோது சந்தில் தெரியாதவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் பாதியில் நாற்பது. அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம், பத்து நாள், டேப் நாற்பதைவிட்டு நகரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் அண்ணி தனியாக வந்தாள். மடியிலிருந்து ஒரு சிறிய துணித்துண்டை எடுத்தாள். அதே மெரூன் பட்டு. கல்யாணச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியில் வெட்டி மிஞ்சியதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"இத உள்ள வச்சித் தெச்சிடும்மா. அவருக்குத் தெரிய வேணாம்."

"அண்ணி, அவரு..."

"எட்டு மணிக்கு மேல தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கறாரு. வயிறு சத்தம் போடறது எனக்குக் கேக்குது. எனக்காவத்தானே? நான் செத்திருந்தா இவரு ஒழுங்கா துன்னுக்கினு இருப்பாரு இல்ல?"

நான் அவளைத் திட்டினேன், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு மிஷினில் உட்கார்ந்தேன். அக்குளுக்குக் கீழே, கை வந்து சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் அரையரை இஞ்சு. கையைத் தூக்கினால் தவிர தெரியாது. துணியும் அதே துணி, வேண்டுதலுக்கு என்ன குறைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஜாத்திரைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இருவரும் போட்டுப் பார்க்க வந்தார்கள். அவர் திரைக்குப் பின்னால் போனார். சட்டை கழற்றும் சத்தம், மூச்சு இழுக்கும் சத்தம், அப்புறம் ஒரு கத்தல். "ஏறிடுச்சி!" திரையை விலக்கிக்கொண்டு வேட்டியும் ரவிக்கையுமாக வெளியே வந்து ஆடினார். சந்தே ஓடி வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரம்மா விசில் அடித்தாள், அவளுக்கு விசில் அடிக்க வரும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஆடிய வேகத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றார். எதிரே என் ஆளுயரக் கண்ணாடி.

விரலை வைத்துத் தடவினார். பழைய பட்டு வெளுத்திருந்தது, துண்டு மட்டும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது.

"இது இன்னா தங்கச்சி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி எழுந்தாள். "நான்தான் குடுத்தேன். நம்ப கல்யாணத் துணிதான். போட்டுக்குங்க. போதும், இதுக்கு மேல நீங்க வயிறு காய வேணாம்."

அவள் கை அவரை நோக்கி நீண்டிருந்தது. நீட்டின கை. அவ்வளவுதான், மனுஷர் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். யார் கொடுத்தாலும் வாங்குகிறவர், கட்டினவள் கொடுத்தால் விடுவாரா?

"வேணாம்" என்றார்.



"யார் எது குடுத்தாலும் வாங்கிக்கிறவன்தான் நானு. இது நான் கங்கம்மாவுக்குக் குடுக்கறேன்னு சொன்னது. குடுக்கறவனே கை நீட்டி வாங்கினா எப்படிடீ? நீ எழுந்து வந்துட்ட இல்ல, அரைகொறையாவா வந்த? முழுசாத்தானே வந்த?" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "பிரிச்சிடு தங்கச்சி. இன்னும் ஏழு நாள் கீது."

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். அவள் காய்ச்சலில் விழுந்ததிலிருந்து இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். இருந்த சந்தோஷத்தில் கத்தரிக்கோல் நழுவிக் கால்மேல் விழப் பார்த்தது.

பதினாறைப் பதினெட்டாக்கட்டுமா என்று கேட்டார். டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடினாலும் ரவிக்கையை ஒளித்துவைப்பேன் என்றேன். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அந்த ஏழு நாளும் மோட்டார் வேலைக்கு நடந்தே போனார், கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஜாத்திரை நாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டில் நான், ஜெராக்ஸ் கடைக்காரம்மா, பூக்கட்டும் அக்கா. சவுரிமுடி வைத்துப் பின்னி, பூச்சூடி, பொட்டு வைத்து, அண்ணியின் கல்யாணச் சேலையில் மனுஷர் ஜொலித்தார். ரவிக்கையின் ஹூக் மட்டும் பாக்கி. அண்ணி ஹூக்கை மேலிருந்து மாட்டிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது ஒரு விரல்கடை தள்ளி நின்றது.

"மூச்சு உடுங்க" என்றாள். விட்டார். "இன்னும் உடுங்க." விட்டார். இதற்குமேல் விட அவரிடம் ஒன்றுமில்லை என்று நினைத்த நேரத்தில் கிளிக்கென்று மாட்டியது. நாங்கள் போட்ட கூச்சலில் தெருக்கோடியில் போன தப்பட்டைக்காரர்கள் திரும்பி வந்து வாசலில் அடித்துவிட்டுப் போனார்கள்.

கோயில் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் ஹூக் தெறிக்குமே! வெயிலில், கூட்டத்தில், மேல்மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு, புதுப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தார். கங்கம்மா முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அக்குளுக்குக் கீழே பழைய வெளுத்த பட்டு மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் அண்ணி அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது, அம்மனைச் சரியாகப் பார்க்கவில்லை.

வெளியே வந்தோம். வேப்பிலை கட்டிய பானையில் ஒரு பெண் அம்பலி ஊற்றிக்கொண்டிருந்தாள், நாங்கள் கூழ் என்று சொல்வது. மோரும் வெங்காயமும் கலந்த கேழ்வரகு அம்பலி. போகிற வருகிறவருக்கெல்லாம் கொடுத்தவள், இவர் முன்னாலும் ஒரு கிளாஸை நீட்டினாள்.

கேரியர் வீட்டில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நிஜப் பட்டினி தொடங்கி மூன்று மாதத்தில் ஒருநாள்கூடத் தவறவிடாத மனுஷர்.

"டைம் இன்னா தங்கச்சி?"

என் போனில் மணி பத்தே கால். போனைச் சேலைக்குள் செருகினேன்.

"பன்னெண்டு தாண்டிப் போச்சுண்ணா."

"ஆமா, எப்பவோ தாண்டிடுச்சி" என்றாள் அண்ணி.

அவர் கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ஆறாவது ஹூக் தெறித்து ஜெராக்ஸ் கடைக்காரம்மாமேல் விழுந்தது. ஐந்தாவது போகும்போது அண்ணி அந்தப் பெண்ணிடமிருந்து அகப்பையை வாங்கி, தன் கையாலேயே இரண்டாவது கிளாஸை நிரப்பிக்கொண்டிருந்தாள்.